ஐந்து மாதக் குழந்தைக்குக் கார் சீட்: எதை வாங்குவது, எங்கே வைப்பது?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்:

"மகனுக்கு ஐந்து வயது, 17 கிலோ. மகளுக்கு ஐந்து மாதம், ஆறரைக் கிலோ. மாதம் ஒருமுறையாவது காரில் திண்டுக்கல்லில் உள்ள அம்மா வீட்டுக்குப் போய் வருகிறோம். எங்களுடையது 2018இல் வாங்கிய சின்ன கார். பாப்பாவுக்குக் கார் சீட் வாங்கலாம் என்று பேச்செடுத்தால், 'பச்சைப் பிள்ளையை யாராவது கட்டிப் போடுவார்களா? தாய் மடியைவிடப் பத்திரமான இடம் உண்டா?' என்கிறார் மாமியார். 'நம் ஊரில் இதெல்லாம் சட்டமா என்ன?' என்கிறார் கணவர். நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா, எட்டு வருடம் முன்பு தன் மகனுக்கு வாங்கிய சீட்டை டிசம்பரில் கொண்டு வருவதாகச் சொல்கிறாள். கடைக்காரரோ, ஒன்பது கிலோ வந்ததும் சீட்டை முன்பக்கம் பார்த்துத் திருப்பிவிடலாம் என்கிறார். தடுப்பூசி போட நான் தனியாக ஓட்டிக்கொண்டு போகும்போது சீட்டை முன்னால் என் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாமா? மகனுக்கும் தனி சீட் வேண்டுமா?"

குழந்தைகள் நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். என்னிடம் வரும் வீடுகளில் பெரும்பாலும் கார் சீட் வாங்குவதைத் தடுத்து நிறுத்துவது அந்தக் கேள்விதான்.

கார் எதன்மீதாவது மோதினால் நிற்பது கார் மட்டும்தான். உள்ளே இருப்பவர்கள் கார் எந்த வேகத்தில் போனதோ அதே வேகத்தில் முன்னால் போய்க்கொண்டே இருப்பார்கள், ஏதாவது ஒன்று பிடித்து நிறுத்தும் வரைக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கணத்தில் ஆறரைக் கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த, ஏறக்குறைய 75 கிலோவைத் தாங்கும் பலம் கைக்கு வேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றை ஒன்றாகக் கட்டி, எதிர்பாராத நேரத்தில் உங்கள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினால் பிடித்து வைத்திருக்க முடியுமா? இது ஊருக்குள் போகும் வேகத்துக்கான கணக்கு. நெடுஞ்சாலையில் 80இல் போனால் இரண்டு மடங்கு. தாயின் பாசத்தில் குறையில்லை, கைக்கு அவ்வளவு பலம் கிடையாது. மடியில் வைத்திருப்பவர் பெல்ட் போடாவிட்டால் அவர் உடம்பும் சேர்ந்து குழந்தைமேல் விழும். தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஒரே பெல்ட்டில் மாட்டினால் பெல்ட்டுக்கும் தாய்க்கும் நடுவில் குழந்தை நசுங்கும். நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் துணிப் பையும் காருக்கு உதவாது. தயவுசெய்து இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். பேத்திமேல் உள்ள அக்கறையில்தான் அவர் மறுக்கிறார், அதே அக்கறையால் ஒப்புக்கொள்ளவும் செய்வார்.

அடுத்து உங்கள் கணவரின் கேள்வி. ஆம், நம் ஊரிலும் இது சட்டம்தான். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 194பி என்ற பிரிவைச் சேர்த்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 14 வயது நிறையாத குழந்தையைச் சீட் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம். ஓட்டுபவர் மட்டுமல்ல, அப்படி ஓட்ட விடுபவரும் பொறுப்பு. 'சீட் பெல்ட் அல்லது பாதுகாப்பு இருக்கை' என்று சட்டம் சொல்வதால், பெல்ட் மாட்டினாலே போதும் என்று சிலர் வாதாடுவார்கள். ஐந்து மாதக் குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டவே முடியாது. ஆகவே உங்கள் மகளைப் பொறுத்தவரை சட்டப்படி நடக்கக் கார் சீட்டைத் தவிர வேறு வழியில்லை. வாடகைக் காருக்கும் இதே சட்டம்தான். போலீஸ்காரர் இதற்காக வண்டியை நிறுத்திக் கேட்பது அபூர்வம் என்பது எனக்கும் தெரியும். அவர் கேட்கிறாரா என்பதை வைத்து இதை முடிவு செய்ய வேண்டாம்.

கடைக்காரர் சொன்னதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. கைக்குழந்தையின் சீட் காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். பிறந்த குழந்தையின் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு தலை. அந்தக் கனமான தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழுதாகக் கெட்டிப்படவில்லை, அவற்றைப் பிணைக்கும் தசைநார்களும் இளசு. குழந்தை முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது கார் நேராக மோதினால், சீட்டின் பட்டை உடம்பை நிறுத்திவிடும், தலை மட்டும் முன்னால் பாயும். அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில் இறங்கும். தண்டுவடமே காயப்படலாம். பின்பக்கம் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகச் சீட்டின் முதுகுப்பலகையில் அழுந்தும். அடி பரவிப் போகும், கழுத்து தனியாக இழுபடாது.

அந்த ஒன்பது கிலோக் கணக்கு அவர் கற்பனையில்லை. ஐரோப்பாவின் பழைய 'ஆர்44' விதியில், முன்பக்கம் பார்க்கும் சீட்டுகளின் பிரிவு ஒன்பது கிலோவில் தொடங்குகிறது. அதற்குக் குறைவான எடையில் திருப்பவே கூடாது என்பது அதன் பொருள். ஒன்பது வந்ததும் திருப்பியாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பின்னால் வந்த 'ஆர்129' விதி, 15 மாதம் முடியும்வரை திருப்பவே கூடாது என்று கட்டாயமாக்கிவிட்டது. உங்கள் மகள் ஒரு வயதை ஒட்டி ஒன்பது கிலோவைத் தொடுவாள். அப்போது திருப்பாதீர்கள். அந்தச் சீட் பின்பக்கம் பார்த்த நிலையில் எவ்வளவு எடை வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதோ (பொதுவாக 13 கிலோ) அதுவரை, அல்லது உச்சந்தலை சீட்டின் மேல்விளிம்பை நெருங்கும்வரை, அப்படியே விடுங்கள். கால் மடங்கியிருக்கிறதே, பாவம் என்று தோன்றும். குழந்தைகள் சம்மணமிட்டும் கால் தூக்கி வைத்தும் சுகமாகவே இருப்பார்கள்.

முன்னிருக்கையில் உங்கள் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், ஒரு தடவைகூட வேண்டாம். பயணி பக்கத்து ஏர்பேக் கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும். பின்பக்கம் பார்த்த சீட்டின் முதுகுப்பலகை டாஷ்போர்டை ஒட்டித்தான் இருக்கும், அதற்குப் பின்னால் இருப்பது குழந்தையின் தலை. ஏர்பேக் நேராக அதில் அடிக்கும். உயிரே போகலாம். உங்கள் 2018 காரில் பயணி பக்கம் ஏர்பேக் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டாஷ்போர்டின் இடப்பக்கத்தில் 'ஏர்பேக்' என்று பொறித்திருக்கிறதா, வெயில் மறைப்பில் குழந்தை சீட்டை அடித்துக் காட்டும் படம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏர்பேக் இல்லாவிட்டாலும் குழந்தைக்குப் பின்னிருக்கைதான் இடம். தனியாக ஓட்டும்போது குழந்தை அழுதால் ஓரம் கட்டி, ஹசார்டு விளக்கைப் போட்டுவிட்டு இறங்கிப் பாருங்கள். தடுப்பூசிக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அக்காவின் சீட்டுக்கு நன்றி சொல்லி, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எட்டு வருடம் ஆகிவிட்டது. கார் சீட்டின் பிளாஸ்டிக்குக்கு ஆயுள் உண்டு. அடிப்பாகத்தில் தயாரித்த தேதியும், பல சீட்டுகளில் எதுவரை உபயோகிக்கலாம் என்பதும் அச்சாகியிருக்கும். பெரும்பாலான நிறுவனங்கள் ஆறிலிருந்து பத்து வருடம்தான் கொடுக்கின்றன. இன்னொரு சிக்கல் பெல்ட்டில் இருக்கிறது. அமெரிக்க கார்களில் பின்னிருக்கை பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும். அங்கே விற்கும் சீட்டுகளைப் பெல்ட்டால் மாட்டும்போது பெரும்பாலும் அதை நம்பித்தான் இறுக்குவார்கள். நம் ஊர் கார்களின் பெல்ட்டில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது, திடீரென்று குலுங்கினால்தான் பிடிக்கும். அந்தச் சீட்டை இங்கே மாட்டினால் கொஞ்ச நேரத்திலேயே தளர்ந்து ஆட ஆரம்பிக்கும். அக்கா வேறு ஏதாவது கொண்டு வரட்டும். எப்படியும் டிசம்பர் வரை பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு திண்டுக்கல் போய் வர வேண்டாமே. பொதுவாகவே, முழு வரலாறும் தெரியாத பழைய சீட்டை யாரிடமும் வாங்காதீர்கள். ஒரு விபத்தைச் சந்தித்த சீட் வெளிப்பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மறுபடி காப்பாற்றும் என்று நம்ப முடியாது.

சரி, எதை வாங்குவது? விலையை விடுங்கள், முதலில் அதில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். ஆரஞ்சு நிறத்தில், வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும் ஒரு எண்ணும், 'ஆர்44/04' அல்லது 'ஆர்129' என்ற குறிப்பும் இருந்தால் அது மோதல் சோதனையில் தேறிய சீட். நம் நாட்டுத் தரக்குறியீடு 'ஏஐஎஸ் 072'. இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஆன்லைனில் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு ஒன்று விற்கிறார்கள், மெத்தைத் துணியில் நான்கு பட்டை தைத்தது. அதற்கும் கார் சீட் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கெட்டியான எலும்புக்கூடே இல்லாத அந்தத் துணியால் எதையும் தாங்க முடியாது. அதை வாங்கிவிட்டோம் என்ற நிம்மதிதான் அதிலுள்ள பெரிய ஆபத்து.

உங்கள் மகளுக்குப் பிறந்ததிலிருந்து 18 கிலோ வரைக்குமான, இரண்டு பக்கமும் திருப்பி வைக்கக்கூடிய சீட் பொருந்தும். கைப்பிடியுள்ள கூடை மாதிரி சீட்டுகள் தூக்கிச் செல்ல வசதிதான், ஆனால் ஐந்து மாதத்தில் வாங்கினால் சீக்கிரமே சின்னதாகிவிடும். பத்தாயிரத்துக்குள்ளேயே தரச்சான்று உள்ள சீட் கிடைக்கிறது. முப்பதாயிரம் ரூபாய் சீட்டை உங்கள் காரில் சரியாக மாட்ட முடியாவிட்டால், ஆடாமல் மாட்டிய பத்தாயிரம் ரூபாய் சீட்டே மேல். அதனால் காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், பணம் கட்டும் முன் காரில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். பின்பக்கம் பார்த்து வைக்கும்போது பெல்ட் சீட்டைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால், சில சின்ன கார்களில் பெல்ட் நீளமே எட்டாது. இது வீட்டுக்கு வந்தபிறகு தெரிந்தால் கஷ்டம்.

காரில் ஐசோஃபிக்ஸ் (சீட்டின் கொக்கிகளை மாட்டும் கம்பிகள்) இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். பின்னிருக்கையில் முதுகும் மெத்தையும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் துழாவுங்கள். ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் இடைவெளியில் பென்சில் கனத்தில் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்பட்டால் இருக்கிறது. சீட்டின் கொக்கிகள் அதில் டக்கென்று மாட்டிக்கொள்ளும், தப்பாக மாட்டும் வாய்ப்பு குறைவு. இல்லையென்றாலும் கவலை வேண்டாம். தோளுக்கும் இடுப்புக்கும் சேர்த்துப் போடும் மூன்று முனை பெல்ட்டால் ஒழுங்காக இறுக்கிய சீட்டும் பாதுகாப்பானதே.

பின்னிருக்கையில் எந்த இடம்? பக்கவாட்டு மோதலிலிருந்து தூரத்தில் இருப்பது நடு இடம்தான். ஆனால் உங்கள் காலத்துச் சின்ன கார்களில் நடுவில் பெரும்பாலும் இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கும், ஐசோஃபிக்ஸும் இருக்காது. எனவே பாப்பாவை இடப்பக்கச் சன்னலோரம் வையுங்கள். நாம் சாலையின் இடப்பக்கம் ஓட்டுவதால் ஓரமாக நிறுத்தி, வண்டிகள் போகாத பக்கமாகவே ஏற்றி இறக்கலாம். மகனை வலப்பக்கம் உட்கார வையுங்கள். நடுவில் நீங்கள் உட்கார்ந்தால் நெருக்கமாகத்தான் இருக்கும், அதனால் வாங்கும் முன் சீட்டுகளின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். மாமியார் முன்னிருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு வசதியாக வரட்டும். அவருடைய இருக்கையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினால் பின்னால் பாப்பாவின் சீட்டுக்கு இடம் கிடைக்கும்.

இனி மாட்டும் விதம். இதில் மட்டும் அவசரப்படாதீர்கள், முதல் தடவை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். காரைச் சமதரையில் நிறுத்துங்கள். பின்பக்கம் பார்க்கும் நிலைக்குப் பெல்ட் போகவேண்டிய வழியை நீல நிறத்திலும், முன்பக்கம் பார்க்கும் நிலைக்கு உரியதைச் சிவப்பிலும் குறித்திருப்பார்கள். நீலத்தை மட்டும் பின்பற்றுங்கள். பெல்ட்டைப் பூட்டியபின் ஒரு முழங்காலைச் சீட்டின்மேல் ஊன்றி முழு எடையையும் கொடுத்து அழுத்திக்கொண்டே, பெல்ட்டின் தொய்வை இழுத்து இறுக்குங்கள். பிறகு பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் இன்னும் இறுகவில்லை. மேல்பகுதி சற்று அசைவது இயல்பு. சாய்வும் முக்கியம். நிமிர்ந்து இருந்தால் குழந்தையின் தாடை நெஞ்சில் சாய்ந்து மூச்சு தடைபடும். சீட்டின் பக்கத்தில் ஒரு கோடு போட்டிருந்தால் அது தரைக்கு இணையாக நிற்கும்படி சாய்வைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் பாப்பாவை வையுங்கள். முதுகும் இடுப்பும் சீட்டோடு ஒட்டியிருக்கட்டும். பின்பக்கம் பார்க்கும் நிலையில் தோளில் மாட்டும் பட்டைகள் குழந்தையின் தோளுக்கு நேராக, அல்லது சற்றுக் கீழேயுள்ள துளையிலிருந்து வர வேண்டும். பின்னாளில் திருப்பும்போது இது நேர்மாறாகும், தோளுக்கு நேராக அல்லது சற்று மேலே. முறுக்கு எதுவும் இல்லாமல் பூட்டி, முன்னால் தொங்கும் பட்டையை இழுத்து இறுக்குங்கள். இப்போது தோளெலும்பின் மேலுள்ள பட்டையை இரண்டு விரலால் மடித்துக் கிள்ளிப் பாருங்கள். கிள்ள வந்தால் தளர்வு, இன்னும் கொஞ்சம் இழுங்கள். விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. பெற்றோர் பலரும் தப்பு செய்வது இங்கேதான். குழந்தைக்கு வலிக்குமே என்று பட்டையில் ஒரு கை நுழையும் அளவுக்குத் தளர்த்தி விடுகிறார்கள்.

துணியில் சுற்றிய குழந்தையைச் சீட்டில் வைக்காதீர்கள், கால்களுக்கு நடுவிலுள்ள பட்டை வெளியே வந்தாக வேண்டும். கழுத்துச் செயின், கயிறு எல்லாம் பயணத்தின்போது வேண்டாம். குளிர்ந்தால் பட்டையைப் பூட்டிய பிறகு மேலே போர்த்துங்கள். சீட்டோடு வராத மெத்தை, தலையணை எதையும் அடியிலோ முதுகிலோ செருக வேண்டாம். தலை பக்கவாட்டில் சாய்ந்தால் கைத்துண்டைச் சுருட்டி இரண்டு பக்கமும் வைக்கலாம்.

முதல் சில பயணங்களில் பாப்பா அழுவாள். பால் கொடுத்து, ஏப்பம் எடுத்து, தூங்கும் நேரமாகப் பார்த்துக் கிளம்புங்கள். ஓடும் காரில் அவளை வெளியே எடுத்துப் பால் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது, வீட்டில் எல்லாரும் 'ரெண்டு நிமிஷம்தானே' என்று சொல்வார்கள். தாராபுரத்திலோ ஒட்டன்சத்திரத்திலோ நிறுத்திக் கொடுங்கள். எப்படியும் இந்த வயதில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து சீட்டில் இருக்கக் கூடாது. வீடு போய்ச் சேர்ந்ததும், தூங்கினாலும் பரவாயில்லை என்று எடுத்துத் தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கார் சீட் தூங்க வைக்கும் இடமாக வேண்டாம்.

வெயில் காலத்தில் நிறுத்திய காருக்குள் பக்கிள் கொதிக்கும். இறங்கும்போது வெள்ளைத் துண்டால் மூடிவிட்டுப் போங்கள், ஏற்றும்முன் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் கடைக்குப் போய்விட்டு வந்துவிடலாம் என்று குழந்தையைக் காரில் விடாதீர்கள். பத்து நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரிக்கு மேல் சூடு ஏறிவிடும்.

மகனுக்கும் சீட் வேண்டும். காரின் பெல்ட்டைப் பெரியவர்களின் உடம்புக்கு அளவெடுத்துச் செய்திருக்கிறார்கள். ஐந்து வயதுப் பையனுக்கு அது கழுத்தை உரசும், இடுப்பெலும்பில் நிற்காமல் வயிற்றில் ஏறும். மோதலில் குடலும் முதுகெலும்பும் காயப்படுவது அப்படித்தான். கழுத்தை அறுக்கிறது என்று குழந்தைகள் பெல்ட்டை அக்குளுக்குக் கீழே விட்டுக்கொள்வது இன்னும் மோசம். அவன் 17 கிலோ என்பதால், பட்டையுள்ள 18 கிலோ சீட்டை இப்போது வாங்கினால் சில மாதத்தில் பயனற்றுப் போகும். முதுகும் தலைப்பக்கக் காப்பும் உள்ள, 15 முதல் 36 கிலோ வரைக்குமான பூஸ்டர் வாங்குங்கள். அது அவனை உயர்த்தி உட்கார வைக்கும், காரின் மூன்று முனை பெல்ட் தோளின் நடுவிலும் தொடையை ஒட்டி இடுப்பிலும் படியும். ஒரு நிபந்தனை: பயணம் முழுக்க நேராக உட்கார்ந்து வரக்கூடியவனாக இருக்க வேண்டும். துறுதுறுவென்று நெளிகிற பையன் என்றால், 9 முதல் 36 கிலோ வரை போகிற, சொந்தப் பட்டையும் உள்ள சீட்டைத் தேடுங்கள். 18 கிலோவுக்குப் பிறகு பட்டையைக் கழற்றிவிட்டு அதையே பூஸ்டராக உபயோகிக்கலாம்.

எப்போது பூஸ்டரை விடலாம் என்பதற்கு வயதைப் பார்க்காதீர்கள். பின்னிருக்கையில் முதுகு முழுக்கச் சாய்ந்து உட்கார்ந்தால் முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடங்க வேண்டும், பெல்ட் கழுத்தைத் தொடாமல் தோளில் போக வேண்டும், கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் தொடையில் இருக்க வேண்டும். உயரம் 135 சென்டிமீட்டரைத் தாண்டி 150ஐ நெருங்கும்போதுதான் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது கூடிவரும். அப்படியென்றால் பத்து, பன்னிரண்டு வயது.

இரண்டையும் ஒரே மாதத்தில் வாங்கக் கையில் பணம் இல்லையென்றால், முதலில் பாப்பாவின் சீட். அதுவரை மகன் பின்னிருக்கையில், மூன்று முனை பெல்ட்டை முறையாகப் போட்டு வரட்டும். உங்கள் கார் மாடலையும், பின்னிருக்கையில் கம்பி தட்டுப்பட்டதா என்பதையும், மகனின் உயரத்தையும் எழுதி அனுப்பினால், எந்த வகைச் சீட் பொருந்தும் என்று இன்னும் தெளிவாகச் சொல்கிறேன்.